வாசல் பெஞ்சு பாய்

நாளிதழின் தேதியிலிருந்து தொடங்குவார் மொய்னுதீன். கிழமை, கிரிவலத்துக்கு உகந்த நேரம், தங்கம் விலை, கண்ணீர் அஞ்சலி, கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் அச்சகத்தின் முகவரி வரை ஒன்றையும் விட மாட்டார். எல்லாம் உரக்க. மனத்துக்குள் படிக்கும் பழக்கம் அவருக்கு வாய்க்கவில்லை.

"காதுல உழுந்தாதான் மேடம் மண்டையில ஏறுது. கண்ணால பாத்தா ஏறுறது கம்மி," என்பார் நூலகர் கஸ்தூரியிடம்.

செங்கம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிளை நூலகம். எதிரே மொய்னுதீனின் கடை. அண்ணாமலையார் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுத் தருகிறார். சட்டையில் மரத்தூளோடு காலையிலேயே நூலகத்துக்கு வந்துவிடுவார். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நிரம்பிய இடம் அது. அவர்களில் புகழேந்தி என்பவர் புகார் சொல்ல, மொய்னுதீன் பாயைக் கஸ்தூரி வாசலில் சைக்கிள்களுக்குப் பக்கத்துப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்.

உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார அவருக்கு ஆசைதான். கேட்டும் பார்த்தார்.

"வாய மூடிக்கினு படிக்கிறதுன்னா வாங்க பாய்," என்றார் கஸ்தூரி.

ஒருநாள் முயன்றார். தலைப்புச் செய்தியைத் தாண்ட முடியவில்லை. மூச்சை அடக்கியவர் போல முகம் வீங்கி, எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்த ஆண்டு ஒரு திட்டம் வந்தது. மாநிலம் முழுவதும் நூலகங்களில் ஊர்க்காரர்கள் கூடி ஒரே நாவலை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கஸ்தூரி ஆசையாக எங்கள் நூலகத்தையும் சேர்த்துவிட்டார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். புத்தகம் கை மாறிக்கொண்டே போனது.

"ஒரு பாராவாவது படிங்களேன்," என்று கெஞ்சினார் கஸ்தூரி.

புகழேந்தி படித்தார். உதடு அசைந்ததை வைத்துத்தான் அது தெரிந்தது. சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கூட்டம் சொல் தவறவில்லை. கஸ்தூரிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

எழுந்து வாசலுக்குப் போனார். "பாய், நீங்க உள்ள வந்து படிங்க."

மொய்னுதீன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அண்ணாந்து அதை ஒருமுறை பார்த்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"சத்தமா படிங்க பாய்."

"இங்க உக்காந்தா வர மாட்டேங்குது மேடம். நீங்க திட்டுவீங்கன்னே இருக்குது."

புத்தகத்தோடு வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நூலின் பெயரிலிருந்து தொடங்கினார். பதிப்பகத்தின் முகவரி சைக்கிள்களைத் தாண்டி அவருடைய கடை வரை கேட்டது.

நாங்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். முதலில் வந்தவர் புகழேந்தி. மின்விசிறியை அணைத்துவிட்டுக் கடைசியாக, வெறுங்கையோடு வந்தார் கஸ்தூரி. மொய்னுதீன் வாசிப்பை நிறுத்தவில்லை. தோளில் கிடந்த துண்டால் பெஞ்சின் மறுபாதியைத் துடைத்துவிட்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.