தொகியே சித்தியின் மூக்கு

என் சித்தி ஒரிஹாரா தொகியேயின் மூக்குக்கு ஈடாக ஜப்பானில் இன்னொரு மூக்கு கிடையாது. எங்கள் கிதாமி ஊரில் நின்றபடி அவள் ஒரு முறை மூச்சை இழுத்தால், டோக்கியோவில் எந்த அமைச்சர் காலுறை மாற்றவில்லை என்று தெரிந்துவிடும். பனிப்புயல் வருமா என்று கேட்க வானிலை அலுவலகத்துக்காரர்கள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். மோப்ப நாய்கள் எங்கள் தெருவுக்குள் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு எதிர் வரிசையில் நடக்கும்.

இதில் நாய் விஷயம் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

மற்றபடி சித்தி சாதாரணமானவள். வயது நாற்பத்தொன்பது. ஒரு கல்யாணம் செய்து, நாலே வருஷத்தில் அதை முடித்துக்கொண்டவள். சலவைக் கடைக்குப் பின்னால் சின்ன வீடு. கணப்பு இல்லாத பின்னறையில், பழுப்புக் குப்பிகளில் விதவிதமான வாசனை எண்ணெய்கள். செவ்வாயும் வெள்ளியும் முதியோர் இல்லத்துக்குப் போவாள். பாதாம் எண்ணெயில் இரண்டு சொட்டு லாவெண்டரோ ஆரஞ்சோ கலந்து, அங்கிருக்கும் கிழடுகளின் கைகளைத் தேய்த்துவிடுவாள். தூங்காதவர்கள் தூங்குவார்கள், கத்துகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அவ்வளவுதான். நோய் தீரும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் ஒரே வாரத்தில் கைவிட்டதால், அம்மா என்னை அவளிடம் அனுப்பியிருந்தாள்.

போன அக்டோபரில் சித்திக்குச் சளிக்காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பத்து நாள் கழித்து நான் குளித்துவிட்டு வந்தால், வீடெல்லாம் புகை. அடுப்பில் மீன் கரிக்கட்டையாகக் கிடந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சித்தி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி! மீனைச் சுடறியா, தகனம் பண்றியா?"

அவள் திரும்பி மீனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

காது மூக்கு டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு எண்ணெயையும் காலையும் மாலையும் இருபது வினாடி முகர வேண்டும். மாதக்கணக்கில் முகர வேண்டும். வாசனை திரும்பினாலும் திரும்பலாம்.

"என் சரக்கையே எனக்கு மருந்தா எழுதிக் குடுத்துட்டாருடி" என்று பஸ்ஸில் சித்தி சிரித்தாள். வீடு வரும் வரை சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அன்றே தனக்கு ஒரு கெடுவும் வைத்துக்கொண்டாள். "குளிர்காலம் முடிஞ்சு வண்டியில பனி டயரைக் கழட்டுற நாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வரலைன்னா இல்லத்து வேலைய விட்டுடுவேன். மூக்கு இல்லாம எண்ணெய் கலக்கறது, கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி போடற மாதிரி."

இல்லத்தில் யாரிடமும் சொல்லவில்லை. குப்பியைத் திறந்து நீட்டி, "என்ன வாசனைன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்பாள். ஞாபக சக்திக்கு நல்ல விளையாட்டு என்று நர்சுகள் மெச்சினார்கள். உண்மையில் அவள் எண்ணெய் கெட்டுவிட்டதா என்று அந்தக் கிழடுகளின் மூக்கை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற இஷிகுரே தாத்தா மட்டும் எதை நீட்டினாலும் ஒரே பதில்தான்.

"டீசல்."

"நல்லா மோந்து பாருங்க தாத்தா."

"முப்பது வருசம் பஸ் ஓட்டினவன்கிட்டயே டீசல் பாடம் எடுக்கறியாம்மா?"

ஒரு நாள் லாவெண்டருக்கும் அதே பதில்தான்; கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தில், சித்தி வீட்டுக்கு வந்ததும் அதை முழுசாகச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினாள். நல்ல, புது எண்ணெய். வீடே பூந்தோட்டமாக மணத்தது. நான் ஓடி வருவதற்குள் குப்பி காலி.

"என்னைக் கேட்டிருக்கலாமே சித்தி?"

"எத்தனை நாளைக்குடி உன் மூக்கை இரவல் வாங்கறது?"

குப்பியைத் தலைகீழாகப் பிடித்தபடியே நின்றாள்.

குளிர்காலம் முழுக்க, காலை ஆறரைக்குப் பின்னறைக் கதவு சாத்தும். மூடி திருகும் சத்தம், ஒரு நீண்ட மூச்சு, மறுபடி மூடி. இப்படி நாலு தடவை.  வாசனை வரவில்லை என்று, அவள் வெளியே வரும்போது முகத்தை வைத்தே தெரிந்துவிடும்.

ஜனவரியில் அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று, குளிக்கும் தொட்டியில் எங்கள் ஊருக்குப் பேர்போன புதினா எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவைத்தேன். ஆவி பறக்கும் வெந்நீரிலிருந்து சித்தி பல் கிடுகிடுக்க ஓடிவந்தாள்.

"அடிப் பிசாசே! மூக்கு வழியா மூளை வரைக்கும் ஜில்லுனு ஏறுதுடி!"

மூக்கு வழியா. அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

ஏப்ரலில் தெருவோரப் பனி கறுத்துக் கரைந்தது. சனிக்கிழமை டயர் மாற்ற வரச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் சித்தி முகர்ந்து முடித்த பிறகு, ரோஜாக் குப்பியைக் காலி செய்து அதில் புதினா எண்ணெயை ஊற்றிவைத்தேன்.

வியாழன் காலை முதல் மூடி திருகியது. மூச்சு கேட்டது. இரண்டாவது மூடி திருகவே இல்லை. கதவைத் திறந்தேன். சித்தியின் கண் நிறையத் தண்ணீர்.

"வந்துடுச்சுடி" என்றாள்.

நான் குதித்த குதியில் நிலைக்கட்டையில் தலை இடித்தது. அன்று முழுக்கச் சித்தி முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை, டயர் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே எங்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சித்தி டப்பா காபியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்:

"திங்கக்கிழமை இல்லத்துக்குப் போன் பண்ணி, இனிமே வரமாட்டேன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்? அதான் மூக்கு வந்துடுச்சே!"

"மூக்கு செத்தவளுக்கும் புதினா ஜில்லுனு இருக்கும்டி. மிளகாய் எரியற மாதிரி. அது வாசனை இல்ல, தொடுற உணர்ச்சி. எங்க எண்ணெய்ப் படிப்புல முதல் வாரமே சொல்லிக் குடுத்துடுவாங்க." ஒரு வாய் காபி குடித்தாள். "அதோட, அந்த அறைக் குளிருக்கு நல்ல ரோஜா எண்ணெய் நெய் மாதிரி உறைஞ்சு நிக்கும். அன்னிக்குத் தண்ணியா ஆடுச்சு. திறக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் வந்துடுச்சுன்னு சொன்னே?"

"ஆறு மாசமாக் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே. ஒரு நாளாவது விடட்டுமேன்னுதான்."

கடைக்குள் உயரே நின்ற எங்கள் வண்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ரோஜாவை என்ன பண்ணினே?" என்றாள் சித்தி.

"தொட்டியில ஊத்திட்டேன்."

"புளுகாதே. என் தலகாணி உறையில நீ தெளிச்ச ரோஜா மஞ்சளாக் கறையா இருக்கு." அவள் குரல் இறங்கியது. "மூணு ராத்திரி அதுல முகத்தைப் புதைச்சுத் தூங்கியிருக்கேன். ஒண்ணுமே தெரியலைடி. ஒரு துளிகூட."

கேலியாக எதையாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

சித்தி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கு மூக்குதான் போச்சு, கண்ணு நல்லாத் தெரியுது. இங்க எங்கேடி புகை?"