செங்கம் ரோட்டோடு நின்ற மலைசுற்று

என் அண்ணன் அர்ஜுனனைத் தெருவில் எல்லோரும் ‘பட்டாளத்தார்’ என்பார்கள். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் லாரி கவிழ்ந்து வலது முட்டி நொறுங்கியதால் ஊருக்கு அனுப்பப்பட்டவர். பென்ஷன் தரும் அளவுக்கு ஊனமில்லை என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அப்பீல் போட்டார்.

வெளியே அவர் நொண்டவே மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பார். வாசல் தாண்டி உள்ளே வந்ததும் சுவரைப் பிடிப்பார். பௌர்ணமிதோறும் தெருக்காரர்களோடு மலைசுற்றவும் கிளம்புவார்.

தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். எதிர்வீட்டுச் சக்கரபாணி நல்லது செய்வதாக நினைத்து முந்திக்கொண்டார்.

“பட்டாளத்தாருக்கு இன்னாங்க கொறை? மாசா மாசம் மலை சுத்துறாரு. எனக்குத்தான் மூச்சு வாங்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர் அண்ணனைப் பார்த்தார். “சுத்துவீங்களா?”

“சுத்துவேங்க.”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அண்ணியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. விசாரிக்க வந்தவர் போன பிறகு அண்ணி அண்ணனிடம் சொன்னாள்: “மெடல் குத்தப் போறாங்க, சட்டையத் தோச்சு வெக்கட்டுமா?”

அப்பீலும் தள்ளுபடியாயிற்று. இன்னொரு முறை கேட்கலாம். ஆனால் மலைசுற்றும் கால் எப்படி ஊனக்காலாகும் என்பதற்குப் பதில் வேண்டும். அன்றுதான் அண்ணன் எங்களிடம் சொன்னார். கூட்டத்தை முன்னே போகவிட்டு, செங்கம் ரோட்டில் ஜானி பாஷாவின் டீக்கடைக்குப் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவாராம். பிறகு வந்த வழியே திரும்பிவிடுவாராம். சொல்லும்போது அவர் மலைப்பக்கம் திரும்பவே இல்லை.

மறு விசாரணைக்கு ஜானி பாஷா சாட்சியாக வந்தார். எங்கள் வாசலில் தெருவே கூடியிருந்தது.

“நம்ம கடையில டீ குடிப்பாருங்க,” என்றார் பாஷா. அதற்கு மேல் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணனே வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கினார். “ஒரு தடவைகூட சுத்துனதில்லைங்க. பாய் கடையோட சரி.”

“அப்ப நெத்தியில துன்னூறு?” என்றார் சக்கரபாணி.

“வூட்லருந்து காயிதத்துல மடிச்சி எடுத்தும்போவேன்.”

அன்று யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

எண்பத்திரண்டில் பென்ஷன் வந்தது. அண்ணி அரிசி மூட்டை வாங்கினாள். ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு எந்தப் பௌர்ணமிக்கும் எங்கள் வாசலில் நின்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தெருக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு கடந்து போவார்கள். அண்ணன் மட்டும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலைசுற்றக் கிளம்புகிறவர்போலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விளக்கைத் தணித்துவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.