பதினாறில் அந்த ஒன்று

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு மின்னல் டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். ஆனால் தலைமை ஆசிரியரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார். டீச்சரும் உள்ளூரப் பூரித்துப்போவார். பின்னே என்ன? அவர் வகுப்பில் கூட்டல் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை வந்து விழும். "எட்டும் எட்டும்?" என்று கேட்டால் போதும். "பதினாறு! ஆறைப் போடு, ஒண்ணைப் பக்கத்துல ஏத்து!" என்று வகுப்பே கூரை பறக்கக் கத்தும். எதிர் அலுவலகத்துக்காரர்கள் புகார் சொல்லியும் பார்த்தார்கள். "கணக்கு சத்தமாத்தான் சார் வரும்" என்று டீச்சர் அனுப்பிவிட்டார்.

மெதுவாக நடக்கும் எதுவும் அவருக்கு ஆகாது. தேநீரை ஆறவிட மாட்டார். பேருந்து நிற்பதற்குள் படியில் கால் வைப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் மாட்டினாள், வேறு பள்ளியிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண். எட்டும் எட்டும் என்றால் அவள் கோடு கோடாகப் போடுவாள். பத்துக் கோட்டைச் சேர்த்து ஒரு வட்டம் போடுவாள். அப்புறம் மிச்சத்தை எண்ணுவாள். அதற்குள் மற்றவர்கள் நாலு கணக்கை முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள்.

"ஆமைக்குட்டி, விடை இன்னிக்கு வருமா, நாளைக்கு வருமா?"

டீச்சர் இப்படிக் கேட்டதும் வகுப்பு சிரிக்கும். பயத்தில் அவளுக்கு எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதல் கோட்டிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஒருநாள் காலை அவள் அப்பாவை டீச்சர் வரவழைத்தார். லாரி ஓட்டுகிறவர், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"இவ ஒரு வருஷம் ஒண்ணாங்கிளாஸ்ல உக்காரட்டும். அடிப்படையே சரியில்ல."

"வீட்ல நல்லாத்தான் எண்ணுறா டீச்சர். என்ன, கொஞ்சம் மெதுவா..."

"அந்த மெதுவுதான் வியாதியே!"

அப்பா மகளின் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய், அவளைக் கீழ்த்தளத்து ஒண்ணாங்கிளாஸில் விட்டுவிட்டுப் போனார். அவள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவில், முழங்கால் இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அன்று மதியம் மேலே இரண்டாம் வகுப்புக்குக் கைவேலை. பாட்டில் மூடிகளைக் கோத்து மாலை செய்ய வேண்டும். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிற வாயாடி தன் மூடிகளை எண்ணி, கரும்பலகையில் 16 என்று முத்து முத்தாக எழுதினாள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. விளையாட்டாக ஆறைத் தொட்டு, "இந்த ஆறு எங்கடி இருக்கு? மூடியில காட்டு" என்றார்.

அவள் ஆறு மூடிகளைத் தள்ளிவைத்தாள்.

"சபாஷ். இந்த ஒண்ணு?"

வாயாடி ஒரே ஒரு மூடியை எடுத்துக் காட்டினாள்.

டீச்சர் சிரித்துவிட்டார். "நல்லாப் பாரு."

"பாத்துட்டேன் டீச்சர். ஒண்ணுதானே?"

"அப்ப இங்க கிடக்கிறதெல்லாம் என்ன?"

"அதெல்லாம் சும்மா இருக்கு டீச்சர்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது மூடி சும்மா கிடக்கிறதாம்! கண்ணாடி போட்ட பையன் ஒருவனைக் கூப்பிட்டார். அவனும் ஒன்றைத்தான் காட்டினான். "மிச்சத்த நீங்க வச்சுக்கங்க டீச்சர்" என்று தாராளமாக வேறு சொன்னான். அடுத்தவள், அடுத்தவன் என்று கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டாயிற்று. அந்த ஒன்று பத்து என்று ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியவில்லை.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷமாக ஏத்து ஏத்து என்று கத்தினார்களே, எதை ஏற்றினார்கள்? கடவுளே, நானா இப்படிச் சொல்லிக்கொடுத்தேன்? வேறு யார், நீதான்!

அப்போதுதான் அந்த வட்டம் ஞாபகம் வந்தது. பத்துக் கோட்டைச் சேர்த்துப் போட்ட வட்டம். வகுப்பிலேயே ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது. அவளைத்தான் காலையில் கீழே தள்ளியாயிற்று. மூடிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

அவரைக் கண்டதும் சின்னப்பெண் பதறி எழுந்தாள்.

"உக்காரும்மா. பயப்படாத." தரையில் மூடிகளைக் கொட்டிப் பக்கத்தில் சாக்பீஸால் 16 என்று எழுதினார். "இதுல இந்த ஒண்ணு எதுன்னு காட்டு கண்ணு. மெதுவாவே காட்டு. அவசரமே இல்ல."

அவள் உதடுகள் எண்ணத் தொடங்கின. இரண்டு கைகளாலும் பத்து மூடிகளைச் சேர்த்துக் குவித்தாள். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் நிமிர்ந்து டீச்சர் முகத்தைப் பார்த்தாள். குவித்ததை அவசரமாகக் கலைத்தாள். வெடுக்கென்று ஒரே ஒரு மூடியை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணு டீச்சர்! இப்ப வேகமாச் சொல்லிட்டேன்ல? என்னை மேல கூட்டிட்டுப் போறீங்களா?"