திங்கட்கிழமைக்கு ஒரு ஆள்

போனை ஸ்பீக்கரில் போட்டு மிளகாய் டப்பாவில் சாய்த்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள்: "உங்க மெஷின் கடைசியா எப்ப நின்னுச்சு? நின்னப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

எதிர்முனை இன்ஜினியர், "எங்க டீம் சேர்ந்து..." என்று இழுத்ததும் கத்தி நிற்கிறது. "டீமுக்கு அப்புறமா போன் பண்றேன். நீங்க என்ன பண்ணீங்க?" எந்த மாமியாரும் மாப்பிள்ளையை இப்படிக் குடைந்திருக்க மாட்டாள். பதில் வராவிட்டால் அந்த ஆள் அத்தோடு சரி.

தொழிற்சாலைகளுக்கு இன்ஜினியர் தேடித் தருவது அவள் தொழில். அடுக்குமாடியில் 'ஆள்பிடி அக்கா' என்று பட்டம். கோபமில்லை. "புள்ளபிடிக்கிறவன்னு சொல்லாம விட்டாங்களே!" என்பாள்.

அவளுக்குப் பயம் ஒன்றுதான். வருகிறேன் என்று ஒருவர் தலையாட்டுவதற்கும், புது வேலையில் வந்து நிற்பதற்கும் நடுவே மாதங்கள் கிடக்கின்றன. ராஜினாமா கொடுத்ததும், அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத பழைய முதலாளிக்குப் பாசம் பொங்கும். சம்பளம் ஏறும். ஆள் நழுவும். அதனால் வாராவாரம் "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போன் போடுவாள். அவள் யாரையும் சும்மா கூப்பிட்டதே இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை அவள் முகத்தில் ஈயாடவில்லை. கார் கதவு செய்யும் தொழிற்சாலையில் திங்களன்று தகடு அழுத்தும் புதிய பிரஸ் மெஷின் ஓட வேண்டும். அதற்கு அவள் பிடித்துக் கொடுத்த இருவர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்கள். மூன்றாமவர் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. "இவரும் வரலேன்னா உங்க சங்காத்தமே வேண்டாம் மேடம்" என்று மேனேஜர் சொல்லியாயிற்று. அந்தத் தொழிற்சாலை போனால் பாதி வருமானம் போச்சு.

"மாப்பிள்ளை ஓடிப்போனாக்கூட இப்படித் தேட மாட்டாங்க" என்றார் கணவர்.

"வேற மாப்பிள்ளை கிடைப்பான். பிரஸ் தெரிஞ்சவன் கிடைப்பானா? வாயை மூடுங்க."

போன் அடித்தது. அந்த மூன்றாமவர்தான்.

"அக்கா, இங்க சம்பளம் கூட்டித் தரோங்கறாங்க. அது கிடக்கட்டும். வீட்ல மாசமா இருக்கா. அங்க நைட் ஷிப்ட் இருக்குமா?"

இருக்கும். முதல் ஆறு மாதமும் இரவுதான். கேட்காததைத் தானாகச் சொல்வது அவள் வழக்கமில்லை. இவர் கேட்டுவிட்டார். கணவர் பக்கத்தில் நின்று, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார்.

அடுப்பை அணைத்தாள்.

"இருக்கு தம்பி. ஆறு மாசத்துக்கு ராத்திரிதான்."

"யோசிச்சு சொல்றேன்கா." அவள் தொழிலில் அதற்கு வரமாட்டேன் என்று பொருள்.

"உன்னை யாரு உண்மைய ஒப்பிக்கச் சொன்னது?" என்றார் கணவர்.

"மறைச்சா திங்கக்கிழமை வருவான். முத ராத்திரியே தெரிஞ்சு பெட்டியக் கட்டுவான். அப்ப ரெண்டு பக்கமும் யாரு பேரு நாறும்?"

மேனேஜர் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. அவளே அழைத்தாள். "சார், திங்கக்கிழமைக்கு ஆள் இல்ல."

அந்தப் பக்கம் கத்தல் ஆரம்பித்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லுங்க சார்" என்றாள்.