அதே குரலில் இன்னொருத்தி

எங்கள் வங்கிக் கிளையில் மூன்றாம் மேசை அக்காவுக்குச் 'சொல்லாதீங்க அக்கா' என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். அப்போது நான் பக்கத்து கேஷ் கவுண்டரில் இருந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அவள் சொல்வது என் காதில் விழும்.

"இதுல வர்ற நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

அந்த வருடம்தான் வீட்டிலிருந்தே கணக்கைப் பார்ப்பவர்களுக்கெல்லாம் வங்கி ஒரு சின்னக் கருவி கொடுத்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஆறு இலக்க எண் ஒன்று வரும், அரை நிமிடத்தில் மறைந்துவிடும். அந்த எண்ணைப் போட்டால்தான் கணக்கு திறக்கும். அதைக் கொடுத்துப் பழக்கிவிடுவது அக்காவின் வேலை.

ஆட்கள் அதை வாங்கிக்கொண்ட விதத்தைப் பற்றி ஒரு வாரம் பேசலாம். பள்ளி ஆசிரியை ஒருத்தி அதை மேசைமேல் போட்டு, "என் பணத்தை எடுக்க என் மேலேயே சந்தேகமா? நான் என்ன திருடியா?" என்று சத்தம் போட்டாள். லாரி டிரைவர் ஒருவர் அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார். பெயிண்டர் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டு, சோப்பு வாசனையோடு கொண்டுவந்தார். இன்னொரு பெரியவர் மூன்றாம் நாளே திரும்பி வந்து, "தடவைக்கு ஒரு நம்பர் காட்டுதும்மா, ரிப்பேர். மாறாத நம்பரா ஒண்ணு குடு" என்றார். ஒருத்தர் மட்டும் அதை வெள்ளித் தாளில் சுற்றித் தகர டப்பாவில் வைத்திருந்தார். வீட்டில் பேசுவதையெல்லாம் அது கேட்கிறதாம். அவர் போனதும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் கணவர் பஸ் டிரைவர்; கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று தினம் கேட்டுப் பழகியவள். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். கருவியைக் கொடுக்கும்முன் அதன் பின்பக்க எண், வாடிக்கையாளர் எண், போன் நம்பர் மூன்றையும் உரக்கப் படித்து, "சரிதானுங்களே?" என்று கேட்பாள். காது மந்தமானவர்களுக்கு இன்னும் உரக்கப் படிப்பாள். அதில் என்ன தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், நல்ல சிரிப்பு. கருவி வேலை செய்யவில்லை என்று ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

"எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது அக்கா. முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

அக்கா சலிக்காமல் முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பெண்ணின் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. சொல்லி முடித்த பிறகும், குடையைக் காய வைப்பதாகச் சொல்லி வாசல் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

பிறகு ஒரு நாள் காலை பெயிண்டர் வந்தார். "நேத்து போன் பண்ணி மிஷின்ல வர்ற நம்பரைக் கேட்டீங்களே மேடம், அந்தப் பழைய மிஷினை நிறுத்தியாச்சா?"

"நான் யாருக்கும் போன் பண்ணலையே."

"சும்மா விளையாடாதீங்க. உங்க பேச்சு எனக்குத் தெரியாதா?"

கணக்கைப் பார்த்தோம். அதில் எடுப்பதற்கு ஒன்றுமே இல்லாததால் ஒன்றும் போகவில்லை. அதை அவரே சொல்லிச் சிரித்தார். அக்கா உடனே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "யாரோ ராங் நம்பரா இருக்கும், விடுங்க" என்றார் அவர். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர், போன் பண்ணி உதவியதற்காக அக்காவுக்கு நன்றி சொல்ல வந்தார்கள். இருவர் கணக்கும் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

நான்காவதாக வந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அக்கா சொன்னதையெல்லாம் வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டு போனவர். அவர் கத்தவில்லை, அழவுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உன் குரல்தான்மா. பின்னாடி இருக்கிற நம்பரைக்கூடச் சரியாச் சொன்னே. யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு ஆரம்பிச்சே. அதனாலதான் சொன்னேன்."

"அம்மா, அது நான் இல்லம்மா."

"சரி" என்றார் நர்ஸ். அப்புறமும் அக்காவையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகுதான் மேனேஜர் அசைந்தார். போலீஸ் வந்தது. அக்காவின் போனை வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டு அலமாரியைக்கூடப் பார்த்தார்கள். மழையில் மூன்று முறை வந்துபோன அந்தக் குடைக்காரி கொடுத்திருந்த முகவரியில் பூட்டிய கார் ஷெட் ஒன்று இருந்தது. எல்லா எண்களும் எப்படி வெளியே போயிருக்கும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, அக்கா தானாகவே சொன்னாள்: "நான்தான் சார் படிச்சேன். தினமும், சத்தமா."

கருவி வாங்கியவர்கள் எல்லோருக்கும் போன் செய்து எச்சரிக்கும் வேலையை மேனேஜர் அவளிடமே கொடுத்தார். அதுதான் கொடுமை. பத்து பேரிடம் பேசினால் எட்டு பேர் பாதியில் வைத்துவிட்டார்கள். "இதையேதான் அவளும் சொன்னா" என்றார் ஒருவர். ஆசிரியை போலீசுக்கே புகார் கொடுத்துவிட்டாள், அந்தத் திருட்டுக் குரல் மறுபடி கூப்பிட்டதாக. அன்றைக்கு ரிசீவரை வைத்துவிட்டு அக்கா என்னிடம் கேட்டாள்: "எனக்கே என் குரலைக் கேட்டா பயமா இருக்கு. உனக்கு எப்படி இருக்கு?"

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் வீடு வீடாக நடக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் நானும் கூடப் போனேன். சில கதவுகள் திறக்கவில்லை. திறந்தவர்கள் சங்கிலியை எடுக்காமலே கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள், வெளிச்சம் இருக்கும்போதே, கருவி வாங்கியிருந்த தையல்காரர் ஒருவரின் கடைக்குப் போனோம். மெஷினுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கையில் அந்தக் கருவி. "நாலு... ஒண்ணு... ஒன்பது..." என்று படித்துக்கொண்டிருந்தவர் அக்காவைப் பார்த்து வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டார். போனிலிருந்து கசிந்த குரல் எனக்கும் கேட்டது. "அப்புறம் சொல்லுங்க, அடுத்த நம்பர்?" அக்கா எதிரே நிற்கிறாள், அவள் உதடு அசையவில்லை, குரல் மட்டும் வருகிறது.

அக்கா போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"யாரு நீ?"

அந்தப் பக்கத்திலிருந்து அதே குரல் நிதானமாக, அன்பாகப் பேசியது.

"அக்காவா? உடம்பு சரியில்லையா, குரல் ஒரு மாதிரி இருக்கே. போன வாரம் பஸ் ஸ்டாப்புல பார்த்தேன், ரொம்ப இளைச்சுப்போயிட்டீங்க."

இணைப்பு அறுந்தது. தையல்காரரின் கணக்கு தப்பியது; இன்னும் மூன்று இலக்கம்தான் பாக்கி இருந்தது. அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஆனால் சொல்லும்போதே கருவியை மெல்ல மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தாள்.

விசாரணையில் அவள்மேல் குற்றம் இல்லை என்று எழுதினார்கள். அக்காவின் குரலைக் குடைக்காரி பழகிப் பேசினாளா, ஏதாவது மிஷினில் செய்தாளா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. நர்ஸுக்குப் போனது திரும்பி வரவில்லை. அக்காவைப் பழைய பைல்கள் இருக்கும் பின்னறைக்கு மாற்றினார்கள். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. பஸ்ஸில் வருவதை விட்டுவிட்டாள். டீ நேரத்தில் நாங்கள் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவாள். வீட்டிலும் அப்படித்தான் என்று அவள் கணவர் என்னிடம் சொன்னார்.

போன வாரம் அந்த இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேறொரு கிளையிலும் இதே மாதிரி ஆரம்பித்திருக்கிறதாம். அங்கே ஆண் ஊழியர் ஒருவரின் குரல். அந்த ஊழியரை உள்ளே வைத்து விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, வெளியே ஒரு வாடிக்கையாளருக்கு அவர் குரலில் போன் வந்திருக்கிறது.