மாரிக்குப்பத்துக்கு நான் கொண்டுபோன சுருட்டு மருந்து

கோலார் தங்கவயலுக்குப் போகிற வழியைக் கேட்டுப் பலர் எனக்கு எழுதுகிறார்கள். என் அக்கா அங்கே குடியிருப்பது அவர்களுக்குத் தெரியும். சிலர் மூச்சுமுட்டலுக்கு என்ன மருந்து கொண்டுபோகலாம் என்றும் கேட்கிறார்கள். வழியைச் சொல்வது சுலபம். ஆனால் முதல் தடவை நான் அங்கே போய் என்ன செய்துவிட்டு வந்தேன் என்பதை மறைத்துவிட்டு ரயில் நேரத்தை மட்டும் எழுத மனம் வரவில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழாம் வருஷம், பங்குனி மாதம். மாரிக்குப்பம் வரைக்கும் ரயில் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் அப்போது வேலூரில் ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். வயது இருபத்தாறு. அக்கா சவரியம்மாள் யாரையோ கொண்டு கடிதம் எழுதியிருந்தாள். அவள் புருஷன் ஆரோக்கியம் மாமா சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிறவர். இரண்டு மாதமாக மூச்சு முட்டுகிறது, படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறார், நீ படித்தவன், ஏதாவது கொண்டு வா என்று எழுதியிருந்தாள்.

எங்கள் டிஸ்பென்சரியில் இளைப்புக்காரர்களுக்கு ஒரு சுருட்டு கொடுப்போம். காய்ந்த இலையை வெடியுப்புத் தண்ணீரில் நனைத்து, மறுபடி உலர்த்திச் சுருட்டுவது. புகையை உள்ளே இழுத்தால் நெஞ்சு இளகும். அந்த இலை ஊமத்தை. கோட்டை அகழிக் கரையில் கேட்பாரற்று முளைத்துக் கிடப்பது. டாக்டரிடம் கேட்காமலே நானே இருபது சுருட்டுச் செய்து ஒரு தகர டப்பாவில் அடைத்துக்கொண்டேன்.

காட்பாடியில் காலை ஆறே முக்காலுக்கு வண்டி. ஜோலார்பேட்டையில் வண்டி வெகுநேரம் நிற்கும். அங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. பௌரிங்பேட்டை என்று பலகையில் எழுதியிருக்கும் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஊர்க்காரர்கள் அதைப் பங்காருபேட்டை என்கிறார்கள். அதுவரை தொண்ணூற்றெட்டு மைல், மூன்றாம் வகுப்பில் ஒரு ரூபாய் நாலணா. அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்து கிளை வண்டி பிடித்தால் பத்து மைலில் மாரிக்குப்பம், இரண்டணா. நான் இறங்கியபோது மணி மூன்றேகால். பங்குனி வெயிலில் கண் கூசியது. தாது இடிக்கும் ஆலைகளின் சத்தம் ஸ்டேஷனிலேயே கேட்டது. ஒரு நாள் தங்கினால் அது காதில் விழாமல் போய்விடும்.

அங்கிருந்து ஒன்றரை மைல் நடை. தொழிலாளிகள் இருக்கும் இடத்தை லைன் என்கிறார்கள். மூங்கில் தட்டியால் கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக, ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்கும்படி இருக்கும். வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

உள்ளே மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பானைமேல் குனிந்திருந்தார். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நொச்சி இலையை உருவிப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் முனியம்மா. பாலகாட் சுரங்கத்துப் பக்கத்துக் குடிசைக்காரி. புருஷன் சுரங்கத்தில் செத்தபிறகு தழை விற்றும், வேது பிடித்துவிட்டும் பிழைக்கிறவள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள்.

பானையை எடுக்கச் சொன்னேன். "இந்த ஆவியெல்லாம் சளிக்கு. இது வேற வியாதி" என்று, ஏதோ எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். டப்பாவைத் திறந்தேன்.

முனியம்மா ஒரு சுருட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இது இன்னா தழ நைனா?"

"சீமை மருந்து. கப்பலில் வந்தது."

"ஊமத்த வாடை அடிக்குதே?"

"உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றேன். அக்கா சிரித்தாள். முனியம்மா சுருட்டை டப்பாவில் வைத்துவிட்டு, இலையை மூட்டை கட்டிக்கொண்டு எழுந்தாள். பானை சூடாக இருந்ததால் அதை அங்கேயே விட்டுப் போனாள்.

ஏன் பொய் சொன்னேன்? ஊமத்தை என்றால் பைத்தியம் பிடிக்கும் என்று பயந்து மாமா தொடமாட்டார் என்பதற்காக என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. வேலூரிலிருந்து கம்பவுண்டர் தம்பி வருகிறான் என்று லைன் முழுக்க அக்கா சொல்லி வைத்திருந்தாள். சாக்கடை ஓரத்துச் செடியைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

முதல் சுருட்டு வேலை செய்தது. கால் மணி நேரத்தில் மாமாவின் தோள்கள் இறங்கின. அன்று அவர் படுத்துத் தூங்கினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "முட்டும்போது ஒண்ணு, நாளைக்கு ரெண்டுக்கு மேல வேணாம்" என்று சொல்லி மீதியை அவளிடம் கொடுத்தேன். மீறினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சொன்னால் அது என்ன இலை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை ஊர் பார்க்கக் கிளம்பினேன். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் மூன்று மைல் நடந்துபோய், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்கள் பூமிக்குள் இறங்குவதைப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களின் இமையெல்லாம் தூசி. திரும்பும்போது பிற்பகல் மூன்று மணி. லைனுக்குள் நுழையும்போதே மாமாவின் குரல் கேட்டது.

அவர் நின்றுகொண்டு காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து இழுத்தார். "கேஜ் வருது, தள்ளுங்க, தள்ளுங்கடா!" முகம் சிவந்து, உதடு காய்ந்து, கண்மணி முழுக்கக் கறுப்பாக விரிந்திருந்தது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. முனியம்மாவின் பானை அடுப்பில் இருந்தது. உள்ளே என் இலை.

"இருமல்ல பொகையை இழுக்க முடியல தம்பி" என்றாள் அக்கா. "ஒம்போது சுருட்டப் பிரிச்சுக் கொதிக்க வச்சுக் குடுத்தேன். சீமை மருந்துதானே, பொகையா போனா இன்னா, தண்ணியா போனா இன்னா?"

ஊமத்தை என்று தெரிந்திருந்தால் அவள் ஒரு சொட்டுக்கூடக் கொடுத்திருக்கமாட்டாள்.

கட்டிலோடு தூக்கிக்கொண்டு அரை மைல் ஓடினோம். எந்தச் சுரங்கத்து ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். வெள்ளைக்கார டாக்டர் துரை கண்ணைப் பார்த்ததுமே ஊமத்தை என்று கண்டுபிடித்துவிட்டார். வயிற்றைக் கழுவினார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் பேச்சை மாற்றிச் சொல்ல என்னைத் துபாஷியாக வைத்துக்கொண்டார்.

"இலை எங்கிருந்து வந்தது என்று இவளைக் கேள்."

கேட்டேன். அக்கா என்னையே பார்த்து, "நீ குடுத்ததுதானே, அதச் சொல்லு" என்றாள்.

நான் அவர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன்: "தழை விற்கிற ஒரு பெண் லைனுக்கு வருவாளாம். பானை அவளுடையதாம்."

இரண்டும் பொய்யில்லை. அக்காவுக்கு ஒரு சொல்லும் புரியாது என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லி முடித்ததும் அவள் நிம்மதியாகத் தலையசைத்தாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தலையசைப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுரங்கத்துக் காவல்காரர்கள் இரண்டு பேர் முனியம்மாவை லைனுக்கு இழுத்து வந்தார்கள். அவள் மூட்டையை நடுத்தெருவில் கொட்டிக் கொளுத்தினார்கள். இனி லைனில் கால் வைத்தால் போலீசில் கொடுப்போம் என்றார்கள்.

"என் தழ இல்லய்யா! நொச்சியில யாருக்குப் புத்தி போவும்?" என்று அவள் கத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நைனா, நீ சொல்லு."

நான் தட்டிச் சுவரோரமாக நின்றேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அக்கா என் முன்னால் வந்து நின்றாள். "தொரைகிட்ட நீ இன்னா சொன்ன?"

"அக்கா..."

"நான் சொன்னத சொன்னியா, இல்லியா?"

எரிந்துகொண்டிருந்த மூட்டையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "அவரு பொழச்சுக்கினாரு. போய்ச் சொல்லிட்டு வா" என்றாள்.

போனேன். டாக்டர் துரை எழுதுவதை நிறுத்தாமலே முழுவதும் கேட்டார். "நேற்று உன்னைத்தான் கேட்கச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். எங்கள் டிஸ்பென்சரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பலனாக வேலூரில் ஆறு மாதம் மருந்துப் பக்கமே என்னை விடாமல் சீசா கழுவ வைத்தார்கள். முனியம்மா குற்றமற்றவள், லைனுக்கு வரலாம் என்று அப்போதே ஒரு சீட்டும் எழுதி என்னிடமே கொடுத்தார்.

பாலகாட் பக்கம் அவள் குடிசையைத் தேடிக்கொண்டு போனேன். சீட்டை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"இது காவக்காரனுக்கு. லைன்ல இருக்கறவங்களுக்கு யாருக்குப் படிக்கத் தெரியும்? நான்தான் கெடுத்தேன்னு நாலு வரிசையும் பேசுது."

"நான் வந்து சொல்கிறேன்."

"ஒரு எடத்துல நின்னு சொல்லிட்டு ஓடப்படாது. வூடு வூடா வரணும்."

வீடு வீடாகப் போனோம். முப்பத்திரண்டு வாசல். அவள் இரண்டடி பின்னால் நின்றாள். ஒவ்வொரு வாசலிலும் நான் அதையே சொன்னேன்: நான் கொண்டுவந்தது ஊமத்தை, சீமை மருந்து என்று பொய் சொன்னேன், இந்த அம்மாள்மேல் பழி போட்டேன். முதல் வாசலில் குரல் நடுங்கியது. பத்தாவது வாசலில் நடுக்கம் நின்றது. அது இன்னும் கேவலமாக இருந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, "நீயும் வேணாம், அவளும் வேணாம், போங்க" என்று படலைச் சாத்தினாள். முனியம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. எட்டு வீடுகள் அதன்பின் அவளைக் கூப்பிடவே இல்லை என்று பிறகு அறிந்தேன்.

மாமாவுக்கு மூன்று நாளில் புத்தி தெளிந்தது. மூச்சு பழையபடி முட்டியது. என் சுருட்டும் அவள் ஆவியும் ஒரு நாழிகை சுகம் தரும். நெஞ்சில் படிந்த பாறைத் தூசியை எடுக்க இரண்டாலும் ஆகாது. அது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்களில் போங்கள், கம்பளி அவசியம். குடிதண்ணீர் சிரமம், கூஜா கொண்டுபோங்கள். திரும்பும் கிளை வண்டிக்கு அரை மணி முன்பே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். மருந்து கொண்டுபோனால், குடிக்கிறவனுக்குத் தெரிந்த பேரில் அதன் பேரைச் சொல்லுங்கள். அவன் பயப்பட்டால் பயப்படட்டும். உங்களைத் துபாஷியாக வைத்தால், அவர்கள் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மறுபடி போனேன். மாமா எலும்பாகிவிட்டார். நான் போன இரண்டாம் நாள் டாக்டர் துரை லைனுக்கே பார்க்க வந்தார். கட்டில் ஓரமாக இருந்த நான் எழுந்து முன்னால் வந்தேன். அக்கா எனக்குக் காப்பி கொடுத்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, வெளியே போய், மூன்றாம் வரிசையில் இருக்கும் மேஸ்திரியைக் கூட்டி வந்தாள். அவருக்கு அரைகுறை இங்கிலீஷ்தான். டாக்டர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.