கல்லில் ஏறாத மூணாவது பேரு

எங்க தீவு ஊர்ல தீயணைப்பு வீரர்களுக்கு நினைவுச் சின்னம் கட்டணும்னு ஒரு கமிட்டி போட்டாங்க. தலைவரு ஒரு ஜல்லி காண்டிராக்டர். செயலாளரு ஏதோ ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன், பேனா மூடியத் தொறக்கவே பத்து நிமிஷம் எடுப்பாரு. மிச்சம் எல்லாம் பஜார் கடைக்காரங்க. பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ்னு எல்லாரும் உண்டு, பேசுறது இந்தி. போட்டோ எடுக்கிறவன் வந்தா மட்டும் யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்ல, எல்லாரும் கரெக்டா முன்வரிசைக்கு வந்துருவாங்க.

அந்தக் கூட்டத்துல நெருப்பக் கிட்டத்துல பாத்த ஒரே ஆளு நான்தான். ஃபயர் வண்டி டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். அதனால என்னையும் ஒரு ஓரமா பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சாங்க.

பஜார்ல ஒரு மத்தியானம் பலகைக் கடை வரிசை தீப்பிடிச்சு, கூரை உள்வாங்கி, மூணு பேரு செத்தாங்க. ரெண்டு பேரு நிரந்தர ஃபயர்மேன். மூணாவது ஆளு தினக்கூலி மஜ்தூர். ஸ்டேஷனக் கூட்டுறது, வண்டி கழுவுறது, ஹோஸ் பைப்பக் காயப்போட்டுச் சுருட்டுறது அவன் வேலை. அவன் பேரும் அந்தக் கல்லுல வரணும். அதுக்குத்தான் நான் ஒரு கூட்டம் விடாமப் போனேன். இல்லேன்னா இவனுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?

கேளுங்க இந்தக் கூத்த. மொத ரெண்டு கூட்டமும் திறப்புவிழாக் கல்லப் பத்தியே போச்சு. யாரு திறக்கிறது, யாரு தலைமை, யாரு முன்னிலை, யாரு பேரு பெருசா, யாரு பேரு சிறுசா. அரிசிக் கடைக்காரரு தன் பேரு துணிக் கடைக்காரருக்குக் கீழ வந்தா ராஜினாமான்னு எந்திரிச்சே போயிட்டாரு. டீ வந்ததும் திரும்பி வந்தாரு. இவனுங்க பேரெல்லாம் எழுதி முடிச்சப்புறந்தான் செத்தவங்க பேருக்கு எடம் இருக்கான்னு ஒருத்தன் கேட்டான். "நீச்சே ஜகா ஹை, கீழே எடம் இருக்கு"ன்னாரு செயலாளரு, பெரிய மனசு பண்ணி.

அடுத்து, சின்னம் என்னவா இருக்கணும்னு யோசிச்சாங்க. யோசிச்சு என்ன கண்டுபிடிச்சாங்க தெரியுமா? ஃபைபர்ல ஒரு தீச்சுவாலை. உள்ளுக்குள்ள செவப்பு பல்பு. அட அறிவு கெட்டவனுங்களா, நெருப்புல வெந்து செத்தவனுக்கு நெருப்பையே செஞ்சு வைக்கிறீங்களேடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மூணாவது பேர நெனச்சு முழுங்கிட்டேன். அந்தச் சுவாலையையும் கருங்கல்லையும் மெயின்லேண்ட்ல ஆர்டர் பண்ணி, கப்பலுக்குக் காத்துக் கிடந்து இறக்கினாங்க. பீடத்தக் கட்டுனது எங்க? ஸ்டேஷன் கேட்டுக்கு முன்னாடி, வண்டி திரும்புற எடத்துல. இனி எங்கயாச்சும் தீப்பிடிச்சா டிரைவர் ரிவர்ஸ் எடுத்து ஒடிச்சுத்தான் ரோட்டுக்கே வரணும். சொன்னேன். "நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே டிரைவர் சாப்"னு சிரிச்சாரு தலைவரு.

கல்லு வெட்டப் போற அன்னைக்கு லிஸ்ட்டப் படிச்சாங்க. ரெண்டு பேருதான்.

"மூணாவது பேரு எங்க?"ன்னேன்.

"அவன் ரெகுலர் இல்லையே"ன்னாரு செயலாளரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "கூரை விழும்போது வேலை ஆர்டர் காப்பி பாத்தா விழுந்துச்சு? ரெகுலருக்கு ஒரு நெருப்பு, மஜ்தூருக்கு ஒரு நெருப்பா? ஆபீஸ் ஃபேனுக்கு அடியில உக்காந்து ரிட்டயர் ஆன உனக்கு என்னய்யா தெரியும்?" இந்தியிலயும் தமிழ்லயும் மாத்தி மாத்தி வெளுத்து வாங்கினேன். நல்லாத்தான் பேசினேன், அதையும் சொல்லணும். கடைக்காரனுங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டானுங்க.

செயலாளரு மட்டும் குனியல. பையில இருந்து ஒரு ஃபைல எடுத்தாரு. அந்தத் தீவிபத்து ரிப்போர்ட்டோட நகல். கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, நிதானமாப் படிச்சாரு. மஜ்தூரை யாரும் உள்ள அனுப்பல, அவனா வேடிக்கை பாக்கப் போனான். கீழ சாட்சிக் கையெழுத்து.

என் கையெழுத்து.

தீப்பிடிச்ச அன்னைக்கு வண்டியில ஆளு கம்மி. ஒருத்தன் மெயின்லேண்டுக்கு லீவுல போயி, திரும்பி வரக் கப்பல் டிக்கெட் கெடைக்காம மாட்டிக்கிட்டான். பம்ப விட்டு நான் நகர முடியாது. உள்ள போன ரெண்டு பேருக்கும் பைப்பத் தாங்க ஆள் இல்ல. "ஏய், பின்னாலயே போயி பைப்பப் பிடிடா"ன்னு கத்தினேன். போயிட்டான். காலுல செருப்புதான் போட்டிருந்தான். மஜ்தூர உள்ள அனுப்பினது தப்பு, விசாரணை வந்தா உன் வேலை போயிரும்னு மேல இருந்த ஆபீசரு சொன்னாரு. டீ ஆறுறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டேன். அதனால அவன் பொண்டாட்டிக்கு வேலையும் கெடைக்கல, ஒரு மண்ணும் கெடைக்கல. இவனுங்கள இவ்வளவு நேரம் காறித் துப்பினேனே, அதுல பாதி என் மூஞ்சிக்குச் சேர வேண்டியது.

அவன் பொண்டாட்டி மார்க்கெட்ல மீன் வெட்டிக் கொடுக்கிறா. மறுநாள் காலையில போயி நின்னேன். "நான்தாம்மா உள்ள போகச் சொன்னேன்"னேன்.

அவ கத்திய நிறுத்தல. "தெரியும்ணே. சொல்லாம ஒரு வாளியக்கூட நகத்த மாட்டாரு அந்த மனுஷன். தானாவா நெருப்புக்குள்ள போயிருப்பாரு?"

"கல்லுல பேரு வரணும்னு எவ்வளவோ..."

"கல்லு கெடக்குது விடுங்க. பள்ளிக்கூடத்துல என் மகள, வேடிக்கை பாக்கப் போயி செத்தவன் மகள்னு கூப்பிடுறாங்க. வீட்டுக்கு வந்து, அப்பா வேடிக்கை பாக்கவா போனாருன்னு என்னையக் கேக்குறா. இல்லடின்னு நான் சொன்னா நம்பமாட்டேங்குறா, சர்க்கார் பேப்பர்ல இருக்குங்கிறா. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க. எல்லாரும் இருக்கையில சொல்லுங்க."

திறப்பு விழா அன்னைக்கு பக்கத்து ஊரு ரங்கத்துல இருந்து ஒரு பஸ் நெறைய ஆளுங்களக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பட்டன அமுக்கினதும் பல்பு எரிஞ்சுச்சு, கைதட்டினாங்க. எனக்கு ஒரு சால்வை போட்டு, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க.

எல்லாருக்கும் புரியணும்னு இந்தியிலதான் சொன்னேன். செத்தது மூணு பேரு. மூணாவது ஆளு வேடிக்கை பாக்கப் போகல. பைப்பப் பிடின்னு நான் அனுப்பினேன், போனான். பேப்பர்ல எழுதியிருக்கிறது பொய், அதுல கையெழுத்துப் போட்டவன் நான். அவன் பேரச் சொன்னேன். தலைவரு சிரிச்ச மூஞ்சியோடயே மைக்கப் பிடுங்கினாரு. நான் விடல, இன்னொரு தடவை சொன்னேன். அதுக்குள்ள எவனோ கரண்ட நிறுத்திட்டான். அதுக்கப்புறம் வெறும் தொண்டையில கத்தினேன்.

அவ கடைசி வரிசைக்குப் பின்னால மகளோட நின்னுக்கிட்டிருந்தா. மகளோட மோவாயப் பிடிச்சு என் பக்கமாத் திருப்பினா. "நல்லாப் பாத்துக்க. உங்கப்பாவ அனுப்பினது இவருதான்"னா.

அந்தப் புள்ள என்னையப் பாத்துச்சு. சால்வையோட நின்னுக்கிட்டிருந்தேன்.